ஏழு பவுன் தாலிக்கொடி ஒன்று

மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கிய கால் மணி நேரத்துக்குள், என் கழுத்தில் இல்லாத தாலியை ஒரு மனிதர் என் பெயரில் எழுதிவைத்தார். என் ரங்கூன் பயணம் அங்கேயே கெட்டது.

நான் செசிலியா. சென்னையில், ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினாறு வருஷமாகப் பூகோளம் நடத்திவந்தேன். அப்போது வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகவேண்டும் என்று நான் யாரிடமும் மனுப் போட்டதுமில்லை. ஆனாலும் கோயிலில், கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வீட்டுக்காரர் என்ன பண்றார்? அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் என்பது மூக்கின் மேல் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

லண்டன் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. தேம்ஸ் நதியின் பாலங்களைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் வாத்தியார் சம்பளத்தில் லண்டனுக்குத் தபால்தலைதான் ஒட்ட முடியும். 1964 அக்டோபரில் பினாங்கிலிருந்த அண்ணன் அகஸ்டின் டிக்கெட் எடுத்து வரவழைத்தான். திரும்பும்போது அவன்தான் வழி சொன்னான். "ரங்கூன்ல ஒரு நாள் இறங்கிப் பாத்துட்டுப் போ. வெள்ளைக்காரன் அளவு நாடா பிடிச்சுக் கட்டின ஊரு. உனக்கு லண்டன் பாத்த மாதிரி இருக்கும்" என்றான். பர்மாவில் ராணுவ ஆட்சி. வெளிநாட்டுக்காரர்களுக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் விசா. போதும் என்று நினைத்தேன். பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி மணி பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். பதினொன்றுக்கு சூலே பகோடா, பன்னிரண்டுக்கு உயர்நீதிமன்றம், ஒன்றுக்கு ஆற்றங்கரைச் சாலை. எனக்கென்று, எனக்கு மட்டும் என்று, முப்பத்தெட்டு வருஷத்தில் கிடைத்த முதல் முழு நாள் அது.

சுங்க மேசையில் உட்கார்ந்திருந்தவர் தமிழர். சட்டையில் பர்னபாஸ் என்று பெயர்ப் பட்டை. நரைத்த தலை, கிளார்க் கண்ணாடி. அவர் எழுத எடுத்த சுங்கப் பாரம் முழுக்கப் பர்மிய எழுத்து. எனக்கு அது ஜாங்கிரி பிழிந்த தட்டாகத் தெரிந்தது. எழுத எழுத அவர் வாயால் சொல்லிக்கொண்டே போனார்.

"உடம்புல போட்டிருக்க நகையெல்லாம் எழுதணும்மா. சிலுவைச் சங்கிலி ஒண்ணு. தோடு ஒரு ஜோடி. கடிகாரம் ஒண்ணு. தாலிக்கொடி ஒண்ணு, ஏழு பவுன்."

"எனக்குத் தாலி கிடையாது."

"இருக்கட்டும்மா."

"என்ன இருக்கட்டும்? எனக்குக் கல்யாணமே ஆகலை. அதை அடிங்க."

அவர் தலை நிமிரவில்லை. கார்பன் வைத்த மூன்று தாளையும் பிரித்தார், முத்திரை குத்தினார். ஒன்றை ஒரு சேவகன் கையில் கொடுத்தார். அவன் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டான். ஒன்று என் கைக்கு வந்தது.

"இனிமே அடிச்சா பாரம் செல்லாது. நாளைக்குப் போறப்ப, இதுல எழுதினது எழுதினபடி உங்க உடம்புல இருக்கணும். கூட இருந்தா எடுத்துக்குவாங்க. குறைஞ்சா, இங்க வித்துட்டீங்கன்னு கேஸ்."

"அது உங்க தப்பு."

"என் தப்புதாம்மா. சாயந்தரம் அஞ்சு மணிக்கு அலோனுக்கு வாங்க. நான் சரி பண்ணித் தர்றேன்" என்று விலாசம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை பாஸ்போர்ட்டுக்குள் செருகினார். நான் சத்தம் போட வாயெடுத்தேன். பின்னால் துப்பாக்கியோடு நின்றிருந்த சிப்பாய் திரும்பிப் பார்த்தான். எனக்கு அவர்கள் பாஷையில் ஒரு சொல் தெரியாது. வாயை மூடிக்கொண்டு பெட்டியை எடுத்தேன்.

இப்படித்தான் நான் என் லண்டனைப் பார்க்கப் புறப்பட்டேன். சூலே பகோடாவைச் சுற்றி பஸ்கள் ஓடின. அதன் பொன் கூம்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. நான் பார்த்தேன், ஆனால் மனசில் ஓடியது அந்த ஆளின் நரைத்த தலை. தமிழச்சி என்றால் தாலி இருந்தாக வேண்டும் என்று எழுதிவிட்டான் பாவி, கை பழகின பழக்கத்தில். என் நாட்டில்தான் இந்தத் தொல்லை என்றால், கடல் தாண்டி வந்தும் விடவில்லை. உயர்நீதிமன்றத்தின் செங்கல் கோபுரத்தில் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. அப்படி ஒரு கட்டடத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதன் எதிரே நின்றுகொண்டு, சட்டம் தெரிந்த யாராவது அகப்படுவார்களா, அந்தக் கிளார்க்கின் மேல் ஒரு புகார் எழுதித் தருவார்களா என்று யோசித்தேன்.

தெருக்கள் அண்ணன் சொன்னபடியே கோடு போட்டாற்போல் நேராக இருந்தன. தூண் வைத்த பெரிய பாங்குக் கட்டடங்கள், இரும்புச் சட்டம் போட்ட பால்கனிகள். ஆனால் கீழே கடைக்குக் கடை பூட்டு, பூட்டின் மேல் அரக்கு முத்திரை, மேலே அரசாங்க எண். மூன்று தெரு நடந்தால் திறந்த கடை ஒன்று வரும். வெற்றிலைக்கார அம்மாள் ஒருத்தி தமிழில், "தனியாவா வந்திருக்க? வீட்டுக்காரரு எங்க?" என்றாள். தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக் கிழவர் அதையே கேட்டார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒரு மணிக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. எழுதினது எழுதினபடி இருக்கவேண்டுமே. ஏழு பவுனுக்கு நான் எங்கே போவேன்? நகைக் கடைத் தெரு என்று சொன்ன இடத்தில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் குடை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். ரஹ்மத்துல்லா என்று பெயர் சொன்னார், காரைக்கால் பக்கத்துத் தமிழ்.

"கவரிங் தாலிக்கொடி எங்கயாவது கிடைக்குமா பாய்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கவரிங் செல்லாது தங்கச்சி. கல்லுல உரசிப் பாக்குறாங்க. அது சரி, இந்த ஊருல வந்து தாலி வாங்கணும்னு கேக்குறீங்களே. துறைமுகத்துப் பக்கம் போயிப் பாருங்க."

போனேன். ஆற்றங்கரைச் சாலை எப்படியும் என் நோட்டில் ஒரு மணிக்கு எழுதியிருந்த இடம்தான்.

அங்கே சென்னைக்குப் போகும் கப்பல் நின்றிருந்தது. சாலையிலிருந்து படகுத்துறை வரை வரிசை. எல்லாம் நம்முடைய ஆட்கள். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், இடுப்பில் குழந்தை. மூன்று தலைமுறையாக இங்கே மூட்டை தூக்கியவர்கள், ரயில் ஓட்டியவர்கள், சாக்கடை வெட்டியவர்கள், கணக்கு எழுதியவர்கள். ஊரை விட்டுப் போ என்று நேராகச் சொல்லாமல், கடையையும் வேலையையும் பிடுங்கி, தாங்களாகவே போகும்படி ராணுவம் செய்திருந்தது. வரிசையின் முனையில் ஒரு மேசை. மேசையின் மேல் உரைகல், ஒரு சின்ன வெட்டுக் குறடு, ஒரு பிஸ்கட் டின்.

நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பெண்ணாக மேசைக்கு வந்தாள். வளையல், தோடு, மூக்குத்தி. அப்புறம் மேசையிலிருந்த சீருடைக்காரன் அவள் கழுத்தைச் சுட்டிக் காட்டினான். பெண்கள் முன்கூட்டியே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்து இன்னொரு தாலி கட்டி வந்திருந்தார்கள், தங்கம் போகிற நொடியில் கழுத்து வெறுமையாகிவிடக் கூடாதே என்று. ஒருத்தி தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். குறடு நறுக்கியது. டின்னில் விழுந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது.

தாலியறுப்பான் என்று எங்கள் தெருவில் வசவாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்று அதை ஓர் உத்தியோகமாகப் பார்த்தேன்.

எனக்குத் தாலி மேல் மரியாதை கிடையாது. அது இல்லாமல் வாழ்ந்து காட்டுகிறேன் என்பதே என் வீம்பு. ஆனால் கட்டிக்கொள்வதும் கட்டிக்கொள்ளாததும் அவரவர் பாடு. அறுத்து டின்னில் போட இவன் யார்? உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு போலீஸ்காரன் வந்து போகச் சொல்லிக் கையை ஆட்டினான். "கலாமா" என்றான். இந்தியப் பெண்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள் என்பதும், அது மரியாதைச் சொல் இல்லை என்பதும் அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. பாதி தூரம் நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பர்னபாஸ் கைப் பழக்கத்தில் எழுதவில்லை.

மிச்சமிருந்த ஏரி, மாதா கோயில் எல்லாம் நோட்டிலேயே நின்றுவிட்டன. சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து அலோனுக்குப் போனேன். கிடங்குகளுக்குப் பின்னால் மரவீடுகள். துண்டுச் சீட்டிலிருந்த வீட்டு வாசலில் பர்னபாஸ் நின்றிருந்தார். சீருடை இல்லாமல் லுங்கியில் இன்னும் கிழவராகத் தெரிந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"யார் தாலி அது?"

அவர் இடப்பக்கம் கையைக் காட்டினார். "பக்கத்து வீடு. நீலாம்பாள்னு பேரு. என் சம்சாரம் பிரசவத்துல போனப்ப, என் பொண்ணுக்கும் சேத்துப் பால் கொடுத்தவ. அடுத்த கப்பல்ல அவங்களுக்குப் பெர்மிட். அவ ஏற மாட்டேங்குறா. அந்த மேசையில என் கழுத்துல கை வைக்க விட மாட்டேன், நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க, நான் இங்கயே கிடந்து சாகுறேங்குறா. இந்தப் பெர்மிட் விட்டா மறுபடி கிடைக்காதும்மா."

"அதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா? என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா செஞ்சிருப்பீங்களா?"

செய்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

"ஊருல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"எட்டு மாசமா அந்த மேசையில உக்காந்திருக்கேன்மா. போனவங்க ஆயிரக்கணக்குல. உள்ள வந்த தமிழ்ப் பொம்பள நீங்க ஒருத்தர்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். நீலாம்பாள் வந்தாள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, பர்மிய ரவிக்கையும் நம்மூர்ச் சேலையும். பின்னால் அவள் புருஷன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

"உன் வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று அவளைக் கேட்டேன். நாளைக்கு என்னைக் கேட்டால் சொல்லவேண்டுமே.

அவள் பர்னபாஸைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?"

"இவங்க பேர நான் சொன்னதில்லக்கா" என்றாள்.

"ரெங்கசாமி" என்றார் பர்னபாஸ். "கேட்டா யோசிக்காம டக்குனு சொல்லிடுங்கம்மா. யோசிச்சா சந்தேகம் வரும்."

கொடி பழைய காலத்து முறுக்கு வேலை, தலை வழியாகக் கழற்றும் நீளம். ரெங்கசாமி அப்போதுதான் நிலையைத் தாண்டினான். மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து அவள் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டான். பத்து வருஷத்துக்கு முன்னால் மேளம் வைத்துக் கட்டியதை, இப்போது அலோனில் ஒரு மரவீட்டில், ஒரு கிளார்க்கும் ஒரு முன்கோபக்கார டீச்சரும் பார்க்கத் திரும்பக் கட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் தங்கத்தைக் கழற்றினாள். கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினாள். யாரும் கட்டிவிடாமல் நானே தலை வழியாகப் போட்டுக்கொண்டேன். ரெங்கசாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவம். தான் கட்டின தாலி வேறொருத்தி கழுத்தில் தொங்குவதை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ராத்திரியும் கழட்டாதீங்கக்கா" என்றாள் நீலாம்பாள். "கழட்டி வைக்கக் கூடாது."

"உன் புருஷன் உயிருக்கு நான் காவலா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் விடுதிக்குப் போய்ப் படுத்தபோது நான் அதைக் கழற்றவில்லை. கனமாகக் கழுத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

காலை எட்டு மணிக்கு விமான நிலையம். பர்னபாஸ் தன் மேசையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. வெளியேறும் பயணிகளைச் சோதிக்க வேறு மேசை, அங்கே ஒரு பர்மிய அம்மாள், பட்டையான வளையல் மாதிரிக் கடிகாரம் கட்டியவள். பாரத்தை விரித்தாள். சிலுவையைத் தொட்டுப் பார்த்து ஒரு கோடு போட்டாள். தோட்டுக்கு ஒரு கோடு. கடிகாரத்துக்கு ஒரு கோடு. பிறகு என் ரவிக்கைக் கழுத்துக்குள் விரலை விட்டு, மாட்டுக் கயிற்றை இழுக்கிற மாதிரித் தாலியை வெளியே இழுத்தாள். கல்லில் உரசினாள். சிலுவையையும் தாலியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, பல வருஷமாக நம் பெண்களைச் சோதித்துப் பழகிய தமிழில் கேட்டாள்.

"புருஷன் எங்கே? புருஷன் பேரு என்ன?"

ரெங்கசாமி. காரில் வரும்போது ஐம்பது தடவை சொல்லிப் பார்த்த பேர். நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் அவள் விரல் இன்னும் அந்தத் தாலியைப் பிடித்திருந்தது. நேற்றைய டின் சத்தம் காதில் கேட்டது. இருபது வருஷமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்ட அதே கேள்வி, அதே தொனி, இப்போது ஒரு துப்பாக்கிக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எனக்கு வாய் கட்டிப்போயிற்று. பயத்தில் இல்லை. இவளுக்கு நான் எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்ற ஆத்திரத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். முகம் கொதித்தது. காது வரை சிவந்திருக்கும். சொல்லு, சொல்லித் தொலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதடு அசையவில்லை.

தொலைந்தது என்று நினைத்தேன். என் வீம்பினால் ஒரு குடும்பமே கெட்டது, நானும் கம்பி எண்ணப் போகிறேன். பக்கத்து மேசையில் பர்னபாஸின் பேனா நின்றுபோயிருந்தது.

அந்த அம்மாள் சிரித்தாள். சிப்பாயிடம் திரும்பி என்னமோ சொன்னாள், அவனும் சிரித்தான்.

"தமிழ்ப் பொண்டாட்டிங்க பேரு சொல்லாது" என்று என்னிடமே விளக்கினாள், எனக்குத் தெரியாததுபோல. "வெக்கம்."

முத்திரை விழுந்தது. பர்னபாஸின் பேனா மறுபடி எழுதத் தொடங்கியது. அவர் கடைசி வரை தலை நிமிரவில்லை. விமானத்தில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். வெட்கமாம். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னதில்லை. அந்தப் பொய்யில்தான் நான் தப்பித்தேன்.

இருபத்திரண்டு நாள் கழித்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அவர்கள் கப்பல் வந்தது. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்த இருபத்திரண்டு நாளும் ராயபுரத்தில் என் ரவிக்கைக்குள் தாலி இருந்தது ஒருவருக்கும் தெரியாது. நீலாம்பாள் இரண்டு பிள்ளைகளோடு இறங்கினாள். பின்னால் ரெங்கசாமி பாய்ச் சுருளைத் தூக்கி வந்தான். நான் கொடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கயிற்றின் மேல் சரிசெய்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இவங்க பேரக் கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்க."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். தனக்காக, தன் வழக்கத்துக்காக நான் வாயைக் கட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டாள். கோபத்தில்தான் சொல்லவில்லை என்று நான் அவளைத் திருத்தவில்லை. திருத்துவது என் தொழில்தான். ஆனாலும் விட்டுவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஏணியில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. நான் கடைசிப் பெண் இறங்கும் வரை நின்று பார்த்தேன். இருநூறு பேராவது இருப்பார்கள். அத்தனை கழுத்திலும் மஞ்சள் கயிறு. ஒரே ஒரு கழுத்தில்தான் தங்கம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.